கை நீட்டாத மனிதர்

ஏழு வருஷம் எனக்கு வீட்டுக்காரராக இருந்தவர் என்னை ஒரு நாள்கூட அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி நான் யாரிடம் வாயைத் திறந்தாலும் முதல் கேள்வி அதுதான். "அடிப்பாரா?" இல்லை. "குடிப்பாரா?" இல்லை. "வேற பொம்பள சவகாசம் எதுனா?" அதுவும் இல்லை. "அப்புறம் இன்னாடி உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அப்புறம் எனக்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து பத்துப் பேர் அவருக்காகச் சண்டைக்குக் கிளம்பி வருவார்கள். அவ்வளவு நல்ல பெயர் அவருக்கு. 'அவர்' என்றுதான் எழுத வருகிறது, மரியாதையால் அல்ல, பழக்கம் விடவில்லை.

அவர் மாட்டுத் தரகர். சந்தையில் இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த வேலை. மற்ற தரகர்கள் அப்போதும் ஒரு கண்ணை மாட்டின் மேல் வைத்திருப்பார்கள். இவர் எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். "மாட்ட எவன் வேணா பாப்பான். மாட்டுக்காரனுக்கு இன்னா அவசரம், வூட்ல இன்னா கஷ்டம், அது மூஞ்சியில இருக்குது. அதப் பாத்துட்டா போதும்" என்பார். இமை கொட்டாமல் பார்ப்பார். பட்டாசு பக்கத்தில் வெடித்தாலும் அவருக்கு உடம்பு தூக்கிப் போடாது.

கல்யாணமான புதிதில் அந்தப் பார்வை எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வாயைத் திறக்குமுன்பே "தல வலிக்குதா?" என்று கேட்பார். பசிக்கிறது என்பதும் தெரியும், அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்பதும் தெரியும். "என் மனசுல இருக்கறது அப்படியே தெரியுதும்மா அவருக்கு" என்று அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். தெரிந்துகொண்டு அவர் ஒன்றும் செய்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே நாலு மாதம் ஆயிற்று. தலை வலிக்குதா என்று கேட்பார், ஆமாம் என்பேன், எப்படி வலிக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த நாலாவது மாதம்தான் கல்வராயன் மலைக்குப் போனோம். மலை கிராமங்களில் மாடு பார்க்க அவர் அடிக்கடி போவார். "நீயும் வா, சுத்திப் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, ஆளே இல்லாத ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். "மேல ஒரு வூட்ல நல்ல கெடேரி இருக்குதாம். ஒத்தையடிப் பாதை, உன்னால ஏற முடியாது. இங்கயே நில்லு, பத்து நிமிசத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.

மூன்று மணி நேரம். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. ஒரு லாரி போனது, அதன் கிளீனர் என்னைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தான். அப்புறம் அதுவும் இல்லை. பாம்பு கடித்து விழுந்துவிட்டாரோ, பள்ளத்தில் உருண்டுவிட்டாரோ என்று தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிஜமாகவே அவருக்காகத்தான் அழுதேன், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல!

அவர் பாதை வழியாக வரவில்லை. என் தலைக்கு நேர் மேலே இருந்த பாறையிலிருந்து இறங்கி வந்தார்.

"மொதல்ல போன எடுத்துப் பாத்த. அப்புறம் பூவ எடுத்துப் பைக்குள்ள வெச்ச. லாரி போனதும் வண்டிக்குப் பின்னால ஒளிஞ்ச. அதுக்கப்புறம்தான் அழுத. அழறதுக்கு இவ்ளோ நேரம் ஆவும்னு நெனைக்கல" என்றார்.

"அங்கயேவா இருந்தீங்க?"

"ஆமா."

"ஏங்க? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"சும்மாதான். நீ எப்படி இருப்பன்னு பாக்கணும்னு தோணுச்சி."

கிண்டல் இல்லை, கோபம் இல்லை, செய்துவிட்டோமே என்கிற கூச்சமும் இல்லை. மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற குரல். கீழே இறங்கியதும் சூடாகப் போண்டா வாங்கிக் கொடுத்தார், டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார். அம்மாவிடம் சொன்னேன். "புதுசா கட்டிக்கினவரு, வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பாரு. இதப் போய் ஒரு குத்தமா சொல்லிக்கினு" என்றார் அம்மா.

அம்மா அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். என் அண்ணன் அவருடைய தங்கையைக் கட்டினான், நான் அவரைக் கட்டினேன். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே சாப்பாடு. அதனால் அவள் எனக்கு அண்ணி, நான் அவளுக்கு அண்ணி. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் "வாங்க அண்ணி", "சொல்லுங்க அண்ணி" என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு என் பிறந்த ஊர் மணலூர்பேட்டையில் எங்கள் தெருவே சிரிக்கும். சிரிப்பு அத்தோடு சரி. இதில் ஒருத்தி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், இன்னொருத்தியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். இது எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்தவற்றைவிடக் கறாராக நடக்கும். என் அண்ணனும் அண்ணியும் சந்தோஷமாக இருந்தார்கள், அடுத்த வருஷமே ஒரு பையனும் பிறந்தான். அவர்கள் சந்தோஷம்தான் என் கால்கட்டு.

அவருடைய அம்மா நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். என் மாமனாருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. மகன் அப்பாவைக் கவனிப்பதைப் பார்க்க வேண்டுமே! தினமும் குளிப்பாட்டுவார், இரண்டு நாளுக்கு ஒரு முறை சவரம் செய்துவிடுவார், வெளுத்த வேட்டி கட்டிவிடுவார், மாத்திரை ஒரு வேளை தவறாது. ஊரில் பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளை இவரைக் காட்டித்தான் திட்டுவார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் அப்பா படுத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேசிக்கொண்டிருப்பார் போல என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் துணி காயப்போடப் பின்பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தண்ணீர்ச் சொம்பு. மாமாவின் நல்ல கை நீண்டு, விரல் சொம்புக்கு ஒரு சாண் தள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து ஒரு மாதிரி சத்தம். அவர் எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் நீட்டுப்பா. வந்துடும்" என்றார். அவ்வளவு கனிவான குரல்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளிச் சொம்பை எடுத்து மாமா வாயில் வைத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. அவர் என்னைத் தடுக்கவில்லை. "உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு அறை வாசலில் நிற்க வைத்தார். "நேத்து நீ குடுத்துட்ட இல்ல? அதனால இன்னிக்கி ஒரு மணி நேரம் ஜாஸ்தி. நீ குடுக்கக் குடுக்க ஜாஸ்தி ஆயிக்கினே போவும்" என்றார். அன்றிலிருந்து நான் அந்த ஜன்னல் பக்கம் போவதை நிறுத்தினேன். கிழவரின் கஷ்டத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, கிழவரைக் கைவிடுவது என்றாகிவிட்டது. கண்டுபிடித்தார் பாருங்கள்!

போலீசுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போய் என்ன காட்டுவது? வெளுத்த வேட்டியையா, சவரம் செய்த முகத்தையா?

அண்ணியிடம்தான் சொன்னேன். என் மகள் மலருக்குக் காது குத்த மணலூர்பேட்டைக்கு வந்திருந்தபோது, மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவளைத் தனியே தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"அண்ணி, சின்ன வயசுல அப்பா எங்க அண்ணன இப்படி ஒரு முளைக்குச்சியிலதான் கட்டிப் போடுவாரு" என்றாள், எங்கள் மாடு கட்டியிருந்த குச்சியைக் காட்டி. "புளிய விளாரு நாலஞ்ச எப்பவும் வெச்சிருப்பாரு. 'வலிக்குதா?'ன்னு கேப்பாரு. வலிக்குதுன்னா ஒரு அடி, வலிக்கலன்னாலும் ஒரு அடி. எட்டாத தூரத்துல தண்ணிய வெச்சிட்டுக் கட்டில்ல உக்காந்துக்கினு இருப்பாரு. அம்மா புல்லறுக்கப் போறன்னு கெளம்பிடும். எட்டு வயசுலயே இவரு அழறத வுட்டுட்டாரு. அப்பா மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பாரு, எப்ப கை ஓயும்னு."

"உங்களுக்கு அடி விழாதா?"

"விழாம? எனக்கும்தான்." ஜாக்கெட் கையை ஏற்றிக் காட்டினாள். தோளில் நீளமாக ஒரு தழும்பு. காட்டிவிட்டு அவள் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். "உங்க அண்ணன நான் கட்டிக்கணும்னா, உங்கள எங்க அண்ணனுக்குக் குடுக்கணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். நல்ல எடத்துப் பொண்ணு, பாசமா இருந்தா மாறிடுவாருன்னு நெனச்சிட்டேன். என்ன மன்னிச்சிருங்க அண்ணி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை இரண்டு சாத்து சாத்தலாம் போலிருந்தது. "நான் இன்னா கஷாயமா? ஊத்தினா சரியாப் போறதுக்கு?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, நானும் அந்தக் கஷாய வேலையைத்தான் அடுத்த நாலு வருஷம் பார்த்தேன். அவர் சேரில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு முளைக்குச்சியில் கட்டிய ஒரு பிள்ளை தெரியும். பாவம் என்று இருக்கும். அந்தப் பிள்ளைக்காகச் சமைத்தேன், அந்தப் பிள்ளைக்காகச் சிரித்தேன். அந்தப் பிள்ளை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது, இருக்கிறவர் வேறு ஆள் என்பதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. பரிதாபத்தால் ஒரு பெண் ஒரு வீட்டில் எவ்வளவு நாள் மாட்டிக்கொண்டு கிடப்பாள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

பின்னாளில் ஒரு மனநல மருத்துவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், அடித்ததால்தான் இப்படி ஆனாரா என்று. "அடி ஒரு காரணமா இருக்கலாம்மா. ஆனா அடி வாங்கின எல்லாரும் அப்படி ஆகறதில்ல" என்றார் அந்த அம்மா. அது எனக்குத் தெரியும். அண்ணி தன் பையனுக்குத் தடுப்பூசி போடும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று தானும் அழுகிறவள். ஒரே வீடு, ஒரே புளிய விளார்.

மலரையும் அவர் அடித்ததில்லை. ஒரு சுடுசொல் கிடையாது. அவள் விழுந்து அடிபட்டு அழுதுகொண்டு ஓடிவந்தால் இரண்டு தோளையும் மெதுவாகப் பிடித்து, கை நீளத்துக்குத் தள்ளி நிறுத்தி, அழுகிற முகத்தைப் பார்ப்பார். அழுகை நிற்கும்வரை பார்ப்பார். நான் பிடுங்கிக்கொண்டு வந்து மடியில் போட்டுக்கொள்வேன்.

மலருக்கு நாலரை வயது இருக்கும். களத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் கல் தடுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் காலில் இறங்குகிறது. நான் வாசலில் இருந்தேன், அவர் வாசல் கட்டிலில் இருந்தார். மலர் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவரும் இமை கொட்டவில்லை. அப்புறம் என் மகள் குனிந்து தன் முட்டியை, யாருடைய முட்டியோ போல, ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இது என்னைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே, அவர் சந்தைக்குப் போன பிறகு, மலரைத் தூக்கிக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன். கிளம்புமுன் மாமாவுக்கு வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்தேன். மாமா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விரலைப் பிரித்து எடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் என்னைக் கேட்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். "நீ வந்து உக்காந்துக்கினா அவள இன்னா பண்றது? ரெண்டாவதா பொறந்த கைக்கொழந்தைய வெச்சிக்கினு அவ அங்க போவணுமா?" என்றார். அம்மா கேட்டதிலும் நியாயம் இருந்தது. அண்ணி மலரை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பெரியப்பா தலைமையில் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வாசலில் கூடினார்கள். அவர் ஆரஞ்சும் ஆப்பிளும் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோரையும் நலம் விசாரித்தார், ஒவ்வொருவரின் மாடு கன்று பெயரைச் சொல்லி விசாரித்தார். பெரியப்பா என்னைக் கேட்டார்.

"அடிச்சாராம்மா?"

"இல்ல பெரியப்பா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாம்மா?"

மலையைச் சொன்னேன். தண்ணீரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒன்றுமில்லாதது போல ஆகிக்கொண்டு வந்தது. பெரியப்பா தலையைச் சொறிந்தார். "டாக்டரு தண்ணி கம்மியா குடுக்கச் சொல்லியிருக்காரு மாமா, அத இவ தப்பா எடுத்துக்கினா" என்றார் அவர். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. "அவ வரலன்னா நான் கட்டாயப்படுத்தலிங்க. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குது. என் தங்கச்சிய நான் கூட்டிக்கினு போறேன்." அதற்கும் தலையாட்டினார்கள். என் அண்ணன் பெருவிரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணிதான் எழுந்தாள். "அண்ணா, செத்த உள்ள வா" என்று அவரையும் என்னையும் வீட்டுக்குள் கூப்பிட்டாள். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"நான் வரமாட்டேன். அண்ணியும் வரமாட்டாங்க" என்றாள். "நீ கூட்டத்துல இன்னா வேணா சொல்லு. நாளைக்கி நான் வண்டி வெச்சிக்கினு வந்து அப்பாவையும் இங்க கூட்டிக்கினு வந்துடுவேன். என்னையும் அடிச்சவருதான். அதுக்காக அவர உங்கிட்ட வுட முடியாது."

அதுவரை இந்த ஏழு வருஷத்தில் நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். அவர் முகம் மாறியது. நான் ஓடி வந்ததற்கு மாறவில்லை, பெற்ற மகளை விட்டுப் பிரிவதற்கு மாறவில்லை. அப்பாவை எடுத்துக்கொள்வேன் என்றதும் கையிலிருந்ததைப் பிடுங்கியதுபோல உதடு துடித்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அடுத்த கணம் தரகர் வந்துவிட்டார்.

"இவ எனக்கு வேணாம்" என்றார் அமைதியாக. "பாப்பாவும் வேணாம். பின்னால கேக்கவும் மாட்டேன். நீயும் வர வேணாம், உன் புருசனோடயே இரு. எல்லாத்தையும் நானே கூட்டத்துல சொல்லிடறேன். அப்பாவ மட்டும் யாரும் தொடக் கூடாது. வந்து பாக்கவும் கூடாது."

அண்ணி வாயைத் திறந்து மூடினாள். அது அவளைப் பெற்றவர். எனக்கு அவர் யார்? மூன்று நாள் முன்பு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டவர். மலரின் கை என் கைக்குள் இருந்தது. அவள் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன்.

நான்தான் சொன்னேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவர் வெளியே போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சொன்னபடியே சொன்னார். "ரெண்டு பேரும் இங்கயே சந்தோசமா இருக்கட்டுங்க. எனக்கு எந்த வருத்தமும் இல்ல. வயசானவரு ஒருத்தரு இருக்காரு, அவர நான் கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்." பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்படியாப்பட்ட மனுசன வுட்டுட்டு வந்துட்டியேம்மா."

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மலர் ஒன்றாம் வகுப்புப் போகிறாள், சின்னக் கீறலுக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறாள். அண்ணியும் நானும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. மாமா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். மகன் அவரைத் தங்கமாகத் தாங்குகிறாராம். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் எங்களிடம் அதைத்தான் சொல்கிறார்கள்.